கூடையை முழங்கையில் மாட்டிய பெண்

புது நியமனக் கடிதத்தோடு மடுல்சீமைத் தேயிலைத் தோட்டப் பக்கம் பஸ் ஏறி வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வந்து இறங்கிய களைப்பு ஆறுவதற்குள் ஒரு விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் பிள்ளைகள் பிழையான விடை சொன்னால் சந்தோசப்படுங்கள். எல்லாரும் சரியான விடையையே சொல்லத் தொடங்கினால், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கொஞ்சம் யோசியுங்கள்.

என்ன இது, ஓய்வு பெற்ற கையோடு இந்த அம்மா தலைகீழாகப் பேசுகிறாரே என்று தோன்றும். நான் தொண்டர் ஆசிரியையாக வகுப்பில் ஏறி, விழுந்து எழும்பித் தொழில் பழகியவள். பயிற்சிக் கலாசாலையைப் பார்த்ததெல்லாம் பிறகுதான். அதனால் என் பேச்சில் புத்தக வாசனை குறைவாகவும் தோட்ட லயங்களில் குடியிருக்கும் சனங்களின் பேச்சு கூடுதலாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படிப்பித்தது விஞ்ஞானம். இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்று தரம் ஏழில் கேட்டால், அந்தக் காலத்தில் வகுப்பே சந்தையாகிவிடும். "மழையில நனைஞ்சு நனைஞ்சு பாசி புடிச்சது டீச்சர்" என்பான் ஒருவன். "ஃபேக்டரிக்குப் பச்சக் கொழுந்துதானே வேணும், அதான் டீச்சர்" என்பாள் இன்னொருத்தி. அந்த இன்னொருத்தியின் பெயர் தர்ஷனி. பிழையான விடையைச் சொல்லிவிட்டு, அதற்கு மேலும் இரண்டு காரணம் கண்டுபிடித்து என்னோடு வாதாடுவாள். ஆனால் என்னோடு மட்டும்தான். வகுப்புக்கு வெளியே, வேறு ஆள் முன்னால், குரல் தொண்டையை விட்டு வெளியே வராது. காலைக் கூட்டத்தில் ஒரு வரி வாசிக்கச் சொன்னால் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிள்ளை.

அவள் தரம் பத்துக்கு வருவதற்குள் லயத்துக்கு லயம் கைபேசி வந்துவிட்டது. கைபேசிக்குள் கேட்டதையெல்லாம் சொல்லும் ஏஐயும் வந்தது. கேள்வி கேட்டால் என் பிள்ளைகள் புதிதாக ஒரு பதில் பழகிக்கொண்டார்கள்.

"நாளைக்குச் சொல்றேன் டீச்சர்."

மறுநாள் சொல்லவும் செய்வார்கள். தோய்த்து, மடித்து, இஸ்திரி போட்ட விடை. ஒரு சுருக்கம் இருக்காது. கடைசி வாங்கில் இருப்பவன் சொல்வதும் முதல் வாங்கில் இருப்பவள் சொல்வதும் ஒரே மடிப்பில் இருக்கும். "அப்படின்னா என்னடா?" என்று ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால், மறுபடியும் நாளைக்கு.

பெற்றோர் கூட்டத்தில் தர்ஷனியின் அம்மா லெட்சுமியிடம் இதைப் பற்றிப் பேசினேன். கொழுந்து எடுக்கிறவர். சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாத பெண்.

"நல்ல வாத்தியாருங்க டீச்சர் அது" என்றார். "தூங்காது, லீவு போடாது, எத்தன வாட்டி கேட்டாலும் மொறைக்காது. நீங்க மொறைப்பீங்கல்ல?"

"நான் மொறைப்பேன்."

"ஆனா ஒன்னுங்க. முந்தி இது அடுப்படியில குந்திகிட்டு ஏம்மா, எதுக்கும்மான்னு உசிர வாங்கும். இப்ப வீடு அமைதியா கெடக்கு. நல்லாத்தான் இருக்கு. நல்லாவும் இல்ல."

நல்லாத்தான் இருக்கு, நல்லாவும் இல்ல. எங்கள் ஆசிரியர் செயலமர்வுகளில் மணிக்கணக்காகப் பேசியும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நல்லாத்தான் இருக்கு என்பதும் உண்மையே. தூணுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை, கைபேசி எழுதித் தந்த பேச்சை மனப்பாடம் செய்து காலைக் கூட்டத்தில் பேசினாள். கைதட்டு கிடைத்தது. அந்தக் கைதட்டின் சூட்டோடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு எங்கள் முல்லை இல்லத்துக்குத் தலைவியாக நிற்கிறேன் என்று தானே வந்து பெயர் கொடுத்தாள். இல்லப் பொறுப்பாசிரியை நான். பெயரைப் பதியும்போது என் மனம் துள்ளியது. அந்தத் துணிச்சல் யாருடைய சொற்களில் ஏறி வந்ததென்றும் எனக்குத் தெரியும். அந்தச் சொற்களை வெடுக்கென்று பறித்தால் பிள்ளை கீழே விழும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டி உங்களுக்குத் தெரியும். ஓட்டம், கயிறிழுத்தல் எல்லாம் ஒரு பக்கம் இருக்க, மைதானத்தின் ஓரத்தில் ஒவ்வோர் இல்லமும் ஓர் அலங்காரக் கூடாரம் கட்டி, உள்ளே ஒரு காட்சி வைக்கும். நடுவர்கள் வந்து பார்ப்பார்கள். இல்லத் தலைவர் விளக்கம் சொல்ல வேண்டும். ஓட்டப்போட்டியில் வென்றவனை அடுத்த மாதம் மறந்துவிடுவோம். யாருடைய கூடாரம் நன்றாக இருந்தது என்பதை மட்டும் வருசக்கணக்காகப் பேசிச் சண்டை பிடிப்போம்.

முல்லை இல்லம் கொழுந்தெடுக்கும் பெண்ணை ஆளுயரப் பொம்மையாகச் செய்து வைப்பதென்று முடிவு செய்தது. அதற்கு மாதிரியாக, ரூபன் என்ற பையனின் கைபேசியில் ஏஐயிடம் ஒரு படம் கேட்டார்கள். அது கண் மூடித் திறப்பதற்குள் வரைந்து தந்தது. ஐயோ, என்ன அழகு! மயில் பச்சைச் சேலை, தோளில் வழியும் கூந்தல், முழங்கையில் பூக்கூடை மாதிரி ஒரு பிரம்புக் கூடை, பல் தெரியச் சிரித்த முகம். பார்வை வானத்தில். ஒற்றை விரலால் ஒரு முழுக் கிளையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"இவங்க யாரு?" என்று கேட்டேன்.

"கொழுந்து எடுக்கிறவங்க டீச்சர்" என்றாள் தர்ஷனி.

"எங்க எடுக்கிறாங்க?"

"தோட்டத்துல."

இந்தப் பதிலைச் சொன்ன பிள்ளை, கொழுந்தெடுக்கப் போன அம்மாவுக்குக் காலையில் ரொட்டி கட்டிக் கொடுத்துவிட்டு வந்தவள். அவளோடு நின்ற அத்தனை பேரும் அப்படித்தான். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. படம் அத்தனை வடிவாக இருந்தது.

எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற விளையாட்டுப் பொறுப்பாசிரியர், உங்கள் வயதுத் தம்பி, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கூடை முழங்கையில இருக்காதே டீச்சர், சொல்லிரலாமே?" என்றார். நல்ல மனிதர். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். "சொல்லலாம் தம்பி. சொன்னா படத்தைத் தூக்கிப் போட்டுட்டு என்னையப் பார்ப்பாங்க. போன் இருந்த இடத்துல நான் போய் உட்காரணுமா? பொம்மைய நிறுத்தி வச்சதும் அவங்களுக்கே தெரியும்."

என் கணக்கு அப்படி. ஆனால் பிள்ளைகள் பொம்மையைப் பகுதி பகுதியாகத்தான் செய்தார்கள். மூங்கில் சட்டம் ஓர் அறையில், காகிதக் கூழில் முகம் இன்னோர் அறையில். கூடையைப் பதுளை டவுனுக்குப் போய் ஒரு பூக்கடையில் இரவல் வாங்கி வந்தார்கள். முழுப்பெண்ணை நிறுத்திப் பார்த்தது போட்டி நாள் காலையில்தான்.

நல்ல வெயில் வரப்போகும் காலை. பனி மைதானத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து தேயிலைக் கிளைகள் கொண்டுவந்து செடிகளாக நட்டிருந்தார்கள். நடுவில் மயில் பச்சைச் சேலையில் பொம்மை எழும்பி நின்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள். தர்ஷனி கூடாரத்தின் வாசலில் நின்று, மனப்பாடம் செய்த விளக்கத்தை வாய்க்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் மைதானத்து வேலியை ஒட்டித்தான் பெரட்டுக் களத்திலிருந்து மலைக்குப் போகும் பாதை. காலையில் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். இடுப்பில் தடித்த படங்குத் துணி சுற்றி, நைலோன் கொழுந்துப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு. முன்னால் வந்தவர் லெட்சுமி. மகளின் கூடாரத்தைப் பார்க்க வேலியோரம் நின்றார். பார்த்தார். இன்னும் ஒருமுறை பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், பின்னால் வந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

"அடியே, யாருடி இந்த மகாராசி? கடைக்குப் பூ வாங்கப் போறாளா?"

"முடியப் பாருக்கா! அத அவுத்து வுட்டுட்டு மலைக்குப் போனா செடி புடிச்சு இழுத்து வச்சுக்கும்."

"மானத்தப் பாத்துகிட்டு நிக்கிறா. மழை வருமான்னு பாக்கிறா போல."

"கொழுந்தா எடுக்கிறா? வெறகுல்ல ஒடிக்கிறா!"

வேலி குலுங்கியது. மற்ற இல்லத்துப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். தர்ஷனியின் முகத்தைப் பார்த்தேன். காதுவரை சிவந்துவிட்டது. கை தன்னாலே தூணைத் தேடியது.

தம்பி தங்கைகளே, நான் சொல்ல வந்த நெருக்கடி இதுதான். பரிசுக் கேடயம் போனால் போகட்டும். தன் காலில் தலைவியாக நின்ற முதல் நாளிலேயே ஊர் சிரித்துவிட்டால், இந்தப் பிள்ளை இனி எந்த இடத்திலும் கை உயர்த்த மாட்டாள். நடுவர்கள் பதுளையிலிருந்து புறப்பட்டுவிட்டதாக அதிபர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த விளையாட்டுப் பொறுப்பாசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்போதாவது சொல்லுங்கள் என்ற பார்வை. எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் தர்ஷனி வேலிக்கு ஓடினாள். "சிரிக்காதம்மா! போன்ல அப்பிடித்தான் காட்டுச்சு!"

லெட்சுமிக்குக் கண்ணில் நீர் வர, முந்தானையால் துடைத்துக்கொண்டார். "போன்ல காட்டுச்சா? ஏன்டி, தெனம் காலையில ஒனக்கு முன்னால பைய மாட்டிகிட்டுப் போறேனே, நான் யாரு? தலையக் கழட்டி ஆணியில மாட்டிட்டா வந்தீங்க எல்லாரும்?"

தர்ஷனி அம்மாவைப் பார்த்தாள். உச்சந்தலையில் பையின் பட்டி. அதற்கடியில் மடித்து வைத்த துவாய்த் துண்டு. இடுப்பில் படங்கு. தினமும் கண்ணில் படும் அம்மாவை அன்றுதான் முதல்முறையாக நின்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம். என் நாக்கு தன் இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தது.

"சரி, எப்பிடி வைக்கணும்? சொல்லுங்க" என்றாள்.

கேட்டதுதான் தாமதம், வேலியில் இன்னொரு சந்தை தொடங்கியது.

"பட்டிய தலையில போடு."

"இப்ப யாருக்கா தலையில போடுறா? எனக்குக் கழுத்து போயிருச்சு. நான் தோள்லதான் மாட்டுறேன்."

"தோள்ல மாட்டுனா செடிக்குள்ள நொழைய முடியுமா? பை சிக்கிக்கும்."

"ரெண்டு கையாலயும் எடுக்கிற மாதிரி வை."

"காலுக்குச் சவுக்காரம் தேய்ச்சு வுடு, அட்ட ஏறும்!"

"பொம்மைக்கு எங்கடி அட்ட ஏறப் போவுது?"

பாதையின் மேல் வளைவிலிருந்து கங்காணியின் குரல் வந்தது. "என்னா அங்க, மாநாடா? மலை இங்கல்ல இருக்கு!" பெண்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். ஓடும்போதே லெட்சுமி ஒரு பழைய நைலோன் பையை வேலிக்கு மேலால் வீசினார். யாரோ தன் மாற்றுப் படங்கை எடுத்து எறிந்தார். அவ்வளவுதான். போய்விட்டார்கள். எது சரி என்று யாரும் முடித்துச் சொல்லவில்லை.

தர்ஷனி பையோடு என்னிடம் வந்தாள். "டீச்சர், தலையிலயா தோள்லயா? எது சரி?"

"எனக்குத் தெரியாது மகள். நான் கொழுந்து எடுத்ததில்ல" என்றேன். அது சத்தியமான உண்மை.

ரூபன் கைபேசியை எடுத்தான். நான் தடுக்கவில்லை. வேகமாகத் தட்டினான். எல்லாரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். வாசித்த ரூபனின் குரல் போகப் போகச் சுருங்கியது. பாரம்பரியமாகத் தலையிலும், சில இடங்களில் தோளிலும் சுமப்பதுண்டு என்று எழுதிவிட்டு, கடைசியில் உங்கள் காட்சிக்கு எது வேண்டும் என்று கேட்டிருந்தது.

பிறகு தர்ஷனி சொன்னாள்: "போச்சுடா. அதுவும் நம்மகிட்டதான் கேக்குது."

கூடாரம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் தொடங்கியது. ரூபன் தன் அம்மாவைப் போலத் தோளில் வைக்கச் சொன்னான். இன்னொருத்தி தலையில்தான் என்றாள். பழைய வகுப்பு மாதிரியே ஆளுக்கொன்று சொன்னார்கள். தர்ஷனி கூடாரத்தை விட்டு வெளியே போய், நடுவர்கள் வந்து நிற்கும் இடத்தில் நின்று பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"தலையிலயே போடுவோம். தோள்ல போட்டா பள்ளிக்கூடப் பை மாதிரி தெரியுது. பாரம் தூக்குறாங்கன்னு தூரத்துல இருந்தே தெரியணும்."

"எங்கம்மா தோள்லதானே போடுறாங்க?" என்றான் ரூபன்.

"ஒங்கம்மா சரிதான்டா. நான் பிழைன்னு சொல்லல. பாக்கிறவங்களுக்கு வெளங்கணும்ல?"

ரூபன் யோசித்தான். "அப்ப துவாய நான் மடிக்கிறேன்" என்றான்.

எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. காரணம் சொல்கிறாள். மறுத்தவனின் விடையையும் மதித்துக்கொண்டு தன் விடையைத் தேர்கிறாள். விளையாட்டு ஆசிரியரும் கயிறு இழுத்துக் கட்டக் கை கொடுத்தார். பிரம்புக் கூடை கழன்றது. கூந்தல் கொண்டையானது. சேலையைத் தூக்கிச் செருகிப் படங்கைச் சுற்றினார்கள். கைகள் இரண்டும் செடிமேல் இறங்கின. முகத்துக்குத்தான் வழி தெரியவில்லை. காகிதக் கூழ் காய்ந்துவிட்டது, சிரித்த வாயை இனி மாற்ற முடியாது. தர்ஷனி பொம்மையின் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்தாள். வாய் செடிக்குள் மறைந்தது. பொம்மை கொழுந்தெடுக்கத் தொடங்கியது.

நடுவர்கள் வந்தார்கள். மூத்தவர் பதுளை டவுனைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அதிபர், தொப்பியும் வெண்தாடியுமாக. பிள்ளைகளை மகன், மகள் என்றுதான் கூப்பிடுவார். தர்ஷனி முன்னால் வந்து வணங்கினாள்.

"மதிப்பிற்குரிய நடுவர்களே, பசுமை போர்த்திய மலைகளின் நடுவே புன்னகை பூத்த முகத்துடன்..." என்று தொடங்கி, பொம்மையைப் பார்த்து நின்றுவிட்டாள். மனப்பாடம் செய்ததில் ஒரு வரியும் இனிப் பொருந்தாது. கை மெல்லப் பின்னால் போனது. பின்னால் தூண் இருந்தது.

பெரியவர் குனிந்து பார்த்தார். "முகம் தெரியல்லையே மகள்?"

"அவங்க கொழுந்தப் பாக்கிறாங்க சேர்."

"கொஞ்சம் நிமிந்து சிரிச்சா வடிவா இருக்குமே?"

தர்ஷனி பொம்மையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். குரல் தொண்டையை விட்டு வெளியே வந்தது.

"அவங்கள யாரும் போட்டோ எடுக்கல சேர். அவங்க வேல செய்றாங்க. நிமிந்தா கை முத்துன எலையப் பறிச்சுரும். சிரிக்கிறதெல்லாம் போற வழியில சிரிப்பாங்க. காலையில கூடச் சிரிச்சாங்க, எங்களப் பாத்து."

பெரியவர் தாடியைத் தடவினார். பிறகு கேள்வி மேல் கேள்வி. துவாய் எதற்கு? படங்கு எதற்கு? செடி ஏன் இடுப்புயரம்? தெரிந்ததற்குச் சொன்னாள். ஒன்றுக்கு, "அது தெரியாது சேர், அம்மாகிட்ட கேக்கணும்" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லாமல், தெரியாது என்று நேராகச் சொன்னாள். தெரியாது என்று சொல்ல எத்தனை தைரியம் வேண்டும் என்பது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியாததா?

மாலையில் முடிவு சொன்னார்கள். மின்விளக்கும் நீர்வீழ்ச்சியும் வைத்த தாமரை இல்லத்துக்கு முதலிடம். முல்லைக்கு இரண்டாமிடம். பிள்ளைகள் முகம் தொங்கியது. வேலைவிட்டு வந்திருந்த தாய்மார் மட்டும், முதலிடம் கிடைத்தது போல விசில் அடித்தார்கள். பிள்ளைகளை ஆறுதல்படுத்த நான் என்ன பேசுவதென்று சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பினால் தர்ஷனியைக் காணவில்லை.

மேடைக்குப் பக்கத்தில், வாகனத்தில் ஏறப்போன பெரியவரை மறித்துக்கொண்டு நின்றாள். இருவரும் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. அவர் கையை நீட்டிக் கூடாரத்தைக் காட்டினார். இவள் தலையை ஆட்டினாள், மறுபடியும் வேறு பக்கமாக ஆட்டினாள். அவர் எதையோ சொல்லி அழுத்தினார். இவள் தன் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டி விடாமல் பேசினாள். கடைசியில் அவர் சிரித்தபடி வண்டியில் ஏறினார். முடிவை மாற்றவில்லை.

ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"என்ன சொன்னாரு?"

"ரெண்டு கொற சொன்னாரு டீச்சர். பொம்மைய ஒரு பக்கமா திருப்பி வச்சதால, அம்மாமாரு இருந்த பக்கத்துக்கு முதுகு மட்டுந்தான் தெரிஞ்சிச்சாம். அப்புறம் நைலோன் பை அழகில்லையாம், பிரம்புக் கூடை வச்சிருந்தா நல்லா இருந்திருக்குமாம்."

"நீ என்ன சொன்ன?"

"முதுகு விசயத்துல அவரு சொல்றது சரி டீச்சர். நான் முன்னால நின்னு மட்டும்தான் பாத்தேன், பக்கவாட்டுல போய்ப் பாக்கல. அடுத்த வருசம் சாய்ச்சு வைக்கணும்." துவாயை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள். "ஆனா கூடை விசயத்த நான் ஒத்துக்க மாட்டேன். அத அவருகிட்டயே சொல்லிட்டேன்."